கடைசிப் பக்கத்தின் கடைசி வரி

பெரியாரைப் பற்றிய சண்டை எதுவானாலும் கடைசியில் ஓர் அடைப்புக்குறியில்தான் போய் நிற்கிறது. ‘குடி அரசு’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு தேதி. ஆதரிப்பவரும் அதைத்தான் நீட்டுகிறார், எதிர்ப்பவரும் அதைத்தான் நீட்டுகிறார். தேதி இருந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. 1925-இல் ஈரோட்டில் தொடங்கி, இடையிடையே நின்றும் பெயர் மாறியும் 1949 வரை வந்த ஒரு வாரப் பத்திரிகை நம்முடைய பேச்சில் வெறும் மேற்கோள் முத்திரையாகச் சுருங்கிவிட்டது. அது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் எது உறுத்துகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரியார் எழுத்து வேண்டும், கிடைக்கிறது, தேதியும் இருக்கிறது, பிறகென்ன குறை என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஈரோட்டில் அச்சுக்கோக்கும் கம்போசிட்டராக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர். ஈய எழுத்துக் காலத்தில் கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை பில் புத்தகம், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் கோத்தவர். அவருக்குக் கட்சி ஈடுபாடு ஒன்றும் கிடையாது. நான் கையில் வைத்திருந்த ‘குடி அரசு’ தொகுதி ஒன்றை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கடைசியிலிருந்து புரட்டினார். ஒவ்வொரு வார இதழின் கட்டுரை முடியும் இடத்திலும் விரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. பிறகு நிமிர்ந்து, “ஏனுங் தம்பி, இதுல அச்சடிச்சவங்க பேரு எங்கீங்?” என்றார். இது தொகுப்பு ஐயா, பழைய இதழ்களிலிருந்து பெரியார் எழுதினதை மட்டும் எடுத்துப் போட்டது என்றேன். “அப்படீங்களா” என்று மூடிக் கொடுத்துவிட்டார். சற்று நேரம் கழித்துத்தான் சொன்னார்: “எங்க பிரஸ்ஸுக்குப் போலீஸு வந்தா மேட்டர் எல்லாம் படிக்க மாட்டாங்க. கடேசி வரியத்தான் மொதல்ல பாப்பாங்க. யாரப் புடிக்கறதுன்னு அதுல தானுங்களே இருக்குது.”

1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர் யார், எங்கே அச்சானது, வெளியிட்டவர் யார் என்று ஒவ்வொரு பத்திரிகையும் போட்டாக வேண்டியிருந்தது. பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். வாசகர் அதைப் படிப்பதில்லை. ஆனால் அந்த வரியில் பெயர் போட்டவர்தான் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டியவர். அந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு ‘குடி அரசு’ வரலாற்றைத் திரும்பப் படித்தபோது எனக்குத் தெரிந்த கதை வேறொன்றாக மாறியது. கொள்கை வரலாறாக நான் படித்து வைத்திருந்தது, ஈரோட்டில் ஒரு குடும்பம் தன் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்த வரலாறாகத் தெரிந்தது.

ஜங்ஷன் ஊர்

1925 மே 2-ஆம் தேதி திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் தொடங்கி வைக்க, ‘குடி அரசு’ வெளிவந்தது. ஒரு சைவ மடத்தின் தலைவர் தொடங்கி வைத்த பத்திரிகை அது என்பதைப் பலரும் வியப்போடு சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆசிரியர் இடத்தில் இரண்டு பெயர் இருந்தது: ஈ.வெ. ராமசாமி நாயக்கர், வா.மு. தங்கபெருமாள் பிள்ளை. அப்போது பெரியார் காங்கிரஸ்காரர். கதரும் தீண்டாமை ஒழிப்பும் பேசும் பத்திரிகையாகத்தான் அது பிறந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படாமல் போய், அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். கட்சி போனது, பத்திரிகை இருந்தது. ஈரோட்டில் சொந்த அச்சகம் இருந்ததால் இருந்தது. ‘உண்மை விளக்கம்’ என்பது அந்த அச்சகத்தின் பெயர்.

சென்னையில் தொடங்காமல் ஏன் ஈரோட்டில் தொடங்கினார் என்ற கேள்விக்கு அவருடைய சொந்த ஊர் என்பது பாதி பதில்தான். அன்றைய ஈரோடு மண்டிகளின் ஊர். மஞ்சளும் பருத்தியும் வந்து குவிகிற ஊர். அதோடு ரயில் ஜங்ஷன். சென்னையிலிருந்து மலபாருக்குப் போகிற பாதையும் திருச்சியிலிருந்து வருகிற பாதையும் அங்கே சந்திக்கின்றன. வாரப் பத்திரிகைக்கு உயிர் தபால்தான். அச்சாகிக் கட்டுக்கட்டாக ஸ்டேஷனுக்குப் போனால் கிழக்கே காவிரிக்கரை, மேற்கே கோவை, பாலக்காடு, வடக்கே சேலம், சென்னை என்று எல்லாத் திசைக்கும் வண்டி உண்டு. மண்டி நடத்திய குடும்பத்துக்கு சரக்கு அனுப்புவது, கணக்கு எழுதுவது, ஊருக்கு ஊர் ஆள் பிடிப்பது எல்லாம் பழகிய வேலை. நகரசபைத் தலைவராக இருந்தவர் என்பதால் ஊரில் யார் எவர் என்பதும் தெரியும். தலைநகரத்துப் பத்திரிகைகளுக்கு இல்லாத ஒரு வசதி இது. யாரும் வாங்காவிட்டாலும் தானே எழுதி, தானே கோத்து, தானே படித்துக்கொண்டாவது நடத்துவேன் என்ற பொருளில் பெரியார் சொன்னது வெறும் வீறாப்பாக எனக்குப் படவில்லை. அச்சகமும் வீடும் ஆளும் ஒரே ஊரில் இருக்கிற மனிதருக்கு அது உண்மையாகவே முடியும்.

எவ்வளவு சொன்னாலும் பெரியாரை மட்டும் வைத்து ‘குடி அரசு’வைப் புரிந்துகொள்ள முடியாது. ‘சித்திரபுத்திரன்’ என்ற பெயரில் எழுதியவரும் அவர்தான் என்பது உண்மை. ஆனால் பொதுவுடைமைச் சிந்தனையாளர் சிங்காரவேலர் அறிவியலும் பொருள்முதல்வாதமும் எழுதியது அந்தப் பக்கங்களில்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நீலாவதியும் குஞ்சிதமும் எழுதியது அங்கேதான். 1931 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் தமிழாக்கம் தொடராக வரத் தொடங்கியதும் அங்கேதான். அதே பத்திரிகையில் சுயமரியாதைத் திருமணச் செய்திகள், மாநாட்டு அறிவிப்புகள், ஊர்க் கடிதங்கள். சுயமரியாதை இயக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் ‘இயக்கம்’ என்று ஒரே சொல்லில் சொல்கிறார்களே, அதன் அன்றாடம் அதில்தான் பதிவானது.

1927 டிசம்பரில் நடந்த ஒன்று இதற்கு நல்ல சாட்சி. 18-ஆம் தேதி இதழ் வரை ‘ஈ.வெ. ராமசாமி நாயக்கர்’. 25-ஆம் தேதி இதழில் ‘ஈ.வெ. ராமசாமி’. சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லும் செங்கல்பட்டு மாநாடு நடந்தது அதற்குப் பிறகு, 1929 பிப்ரவரியில். மாநாட்டில் தீர்மானமாவதற்கு ஓராண்டுக்கும் முன்பே அச்சுக்கூடத்தில் அது நடந்து முடிந்திருந்தது. யாரோ ஒரு கம்போசிட்டர், எப்போதும் கோக்கும் ‘நாயக்கர்’ என்ற ஐந்து எழுத்தை அந்த வாரம் அச்சுக்கோக்கும் ஸ்டிக்கில் எடுத்து வைக்கவில்லை. தமிழ்ப் பொதுவாழ்வில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவது கூச்சத்துக்குரியதாக மாறியதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அந்த வாரம் ஈரோட்டில் அச்சான இதழும் அதில் ஒன்று.

1933 அக்டோபர் 29

திருப்பம் இங்கேதான். 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். சோவியத் ரஷ்யா உட்படப் பல நாடுகளைப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். அந்தக் காலம் முழுக்க வீட்டையும் இயக்கத்தையும் பத்திரிகையையும் பார்த்துக்கொண்டவர் நாகம்மையார். திரும்பி வந்த ஆறு மாதத்தில், 1933 மே 11-ஆம் தேதி, நாகம்மையார் காலமானார். அதைப் பற்றி ‘குடி அரசு’வில் பெரியார் எழுதியதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மனைவியை இழந்தேன் என்பதா, துணையை இழந்தேன் என்பதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், ஊருக்குச் சொன்ன பெண் விடுதலையில் நூற்றில் ஒரு பங்குகூட அவரிடம் காட்டவில்லை என்று தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்கிற கட்டுரை. தமிழில் எழுதப்பட்ட இரங்கல்களில் அவ்வளவு நேர்மையானது வேறில்லை என்பது என் எண்ணம். அதைப் படிக்கும்போது கூடவே ஒன்றை நினைக்க வேண்டும்: அது அச்சான பத்திரிகையே அந்த அம்மையாரின் உழைப்பில் நின்றது.

அவருக்குப் பின் பெரியாரின் தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள் பெயரில் பத்திரிகை வந்தது. 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரோடு நின்றவர் அவர். 1933 அக்டோபர் 29-ஆம் தேதி இதழில் ‘இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற தலையங்கம் வந்தது. ஏழைக்குக் கல்வி எட்டாத நாட்டில் அதிகாரிகளின் சம்பளத்துக்குக் கொட்டிக் கொடுக்கும் ஆட்சியை நேருக்கு நேர் கேட்ட எழுத்து. அரசு 124-ஏ பிரிவில், அன்றைய பேச்சில் ராஜத்துவேஷம் என்று, வழக்குப் போட்டது. டிசம்பரில் கைது. எழுதிய அண்ணன் ஒரு குற்றவாளி, வெளியிட்ட தங்கை இன்னொரு குற்றவாளி. 1934 ஜனவரியில் கோவையில் தீர்ப்பு. பெரியாருக்கு ஒன்பது மாதச் சிறையும் 300 ரூபாய் அபராதமும். கண்ணம்மாளுக்கும் சிறை.

நான் இந்த இடத்தில்தான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். சுதேசிக் காலத்திலிருந்தே பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. எழுதுகிறவர் ஒருவர், பதிவேட்டில் பெயர் இருக்கிறவர் இன்னொருவர். 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்கு வந்தபோது பாரதி புதுச்சேரிக்குப் போனார், பதிவேட்டில் ஆசிரியராக இருந்த எம். சீனிவாசன் சிறைக்குப் போனார். அந்தச் சீனிவாசனை இன்று யாருக்குத் தெரியும்? பாரதியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அடக்குமுறைச் சட்டத்தின் கீழ் பத்திரிகை நடத்துவது அப்படித்தான் இருந்தது. ஈரோட்டில் நடந்தது இதிலிருந்து ஒரு விஷயத்தில் வேறு. எழுதியவரும் போனார், பெயர் கொடுத்தவரும் போனார், பெயர் கொடுத்தவர் சம்பளத்துக்கு அமர்த்திய ஆளாக இல்லாமல் கூடப் பிறந்தவராக இருந்தார். 1930-களில் கொங்குநாட்டு வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண், ஒரு தலையங்கத்துக்காக ராஜத்துவேஷக் கைதியாக நின்றிருக்கிறார். மேற்கோள் போடுகிற யாரும், அடைப்புக்குறிக்குள் 29.10.1933 என்று எழுதும்போது, கண்ணம்மாள் பெயரைச் சேர்ப்பதில்லை. அந்தத் தேதிக்கு விலை கொடுத்தவர்களில் அவர் ஒருவர்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். வழக்கு வருவதற்குள், நவம்பரிலேயே, ‘குடி அரசு’ நின்று ‘புரட்சி’ என்ற வாரப் பத்திரிகை கிளம்பிவிட்டது. இப்போது பெயர் கொடுத்தவர் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி. 1934 நடுவில் ‘புரட்சி’யும் நிற்க, ‘பகுத்தறிவு’ வந்தது. 1935 ஜனவரியில் மறுபடியும் ‘குடி அரசு’. ஒன்றே கால் ஆண்டுக்குள் மூன்று தலைப்பு, ஊர் ஒன்று, அச்சகத்து மனிதர்கள் ஏறக்குறைய அவர்களே. ஒரு தலைப்பை அரசு நெருக்கினால் இன்னொரு தலைப்பு, ஒருவர் சிறைக்குப் போனால் வீட்டில் அடுத்தவர். ஓட்டமாக ஓடுகிற தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல அந்தக் கடைசி வரி கைமாறியிருக்கிறது.

1935-இல் வந்த சோதனை இன்னும் கடினமானது. பகத்சிங் தான் ஏன் நாத்திகன் என்று எழுதியதை இயக்கத்து இளைஞர் ஜீவா (ப. ஜீவானந்தம்) தமிழாக்கினார், ஈரோட்டிலிருந்து சிறு நூலாக வந்தது. மொழிபெயர்த்த ஜீவாவும் வெளியிட்ட கிருஷ்ணசாமியும் கைதானார்கள். முந்தைய ஆண்டுதான் கம்யூனிஸ்ட் கட்சியை அரசு தடை செய்திருந்தது. இருவரையும் மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியே வரச் சொன்னார் பெரியார், சமதர்மப் பிரச்சாரத்தைக் குறைத்துக்கொள்வதாகவும் ‘குடி அரசு’வில் அறிவித்தார். ஜீவாவுக்கு அது ஆறாத காயமானது. பின்னர் அவர் விலகிப் போனார், சிங்காரவேலரின் தொடர்பும் தளர்ந்தது. இதைப் பின்வாங்கல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை, பின்வாங்கல்தான். ஆனால் சித்தாந்தக் கணக்கை மட்டும் வைத்து இதைப் பார்க்கிறவர்கள் கடைசி வரியைப் பார்ப்பதில்லை. தங்கை சிறைக்குப் போய் வந்தாயிற்று. இப்போது அண்ணன் உள்ளே. அச்சகத்தைப் பறிமுதல் செய்யவும் பணம் கட்டச் சொல்லவும் அரசுக்கு 1931-ஆம் ஆண்டுப் பத்திரிகை அவசர அதிகாரச் சட்டம் கையில் இருந்தது. பத்திரிகை போனால் இயக்கம் வாய் இல்லாததாகிவிடும். அந்த முடிவால் இயக்கம் தன் மிகச் சிறந்த இளைஞர் ஒருவரை இழந்தது, அது பெரிய இழப்பு. பத்திரிகை பிழைத்தது. பிழைத்தது நல்லதென்றே நான் நினைக்கிறேன். லாகூரில் அம்பேத்கர் பேசவிடப்படாத சாதி ஒழிப்பு உரை 1936-இல் நூலாக வந்த சூட்டோடு தமிழில் தொடராக வர ஒரு பத்திரிகை இருந்தது, அது ‘குடி அரசு’. 1937-இல் ‘விடுதலை’ ஈரோட்டிலிருந்து நாளேடாக வந்ததும், அண்ணா அங்கே வந்து எழுதியதும், 1938 இந்தி எதிர்ப்புக்கு அது முரசானதும் அதே அச்சகத்து அனுபவத்தில்தான். அப்போதும் அரசு வழக்குப் போட்டது. ஆசிரியர் முத்துசாமிப் பிள்ளையோடு சிறைக்குப் போனவர் பதிப்பாளர். யார் என்று சொல்லத் தேவையில்லை, மறுபடியும் கிருஷ்ணசாமிதான்.

எழுத்துக் கேஸில் பதிமூன்று அறை

1935-இல் திரும்பி வந்த ‘குடி அரசு’ இன்னொரு வேலையும் செய்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான எழுத்துகளைப் பழைய சுழித்த வடிவத்தை விட்டுவிட்டு இன்று நாம் எழுதுகிற வடிவத்தில் அச்சிடத் தொடங்கியது. மொத்தம் பதிமூன்று எழுத்து. எந்தப் புலவர் சபையின் அனுமதியும் இல்லை, அரசாணை இல்லை. அரசாணை வந்தது 1978-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். 43 ஆண்டு முன்பே ஒரு ஜங்ஷன் ஊர் அச்சகம் அதைச் செய்து, படிக்கவும் வைத்துவிட்டது.

இதைப் பற்றி அந்தக் கம்போசிட்டர் பெரியவரிடம் கேட்டேன். பேசும்போது அவர் வலது கை தானாக மேசை மேல் நகர்ந்தது, இல்லாத கேஸின், அதாவது எழுத்துப் பெட்டியின், அறைகளில் எழுத்துப் பொறுக்குவது மாதிரி. பழைய ‘லை’க்கும் ‘ணை’க்கும் தனித்தனி எழுத்து வேண்டும், தனித்தனி அறை வேண்டும் என்றார். “இந்த ‘லை’ இருக்குதுங்களே, அது எப்பவும் பத்தாது. இல்லை, தலை, வேலை, நாளைன்னு ‘லை’யும் ‘ளை’யும் இல்லாம தமிழ்ல ஒரு பத்தி எழுத முடியுங்களா? பாதிப் பாரம் கோத்துட்டு எழுத்துக்கு ஒக்காந்திருப்போம்.” புதிய முறையில் ‘ை’ தனி எழுத்து, ‘ல’ தனி எழுத்து. இரண்டும் ஏராளமாக இருக்கும், தீர்ந்துபோகாது. எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், மொழிப்பற்று, பகுத்தறிவு, எளிமை என்று. எழுத்து பற்றாமல் பாரம், அதாவது அச்சுக்குக் கோக்கும் பக்கங்கள், நின்றுபோகும் ராத்திரியைப் பற்றி அவர் சொல்லித்தான் கேட்டேன். பெரியாரின் வாதத்திலும் அச்சுக்கோக்கும் சிக்கல் உண்டு. அது புத்தகத்திலிருந்து வந்ததாக இருக்க முடியாது. தன் அச்சகத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

தொகுதிகள்

‘குடி அரசு’வின் பிற்காலத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். 1940-களில் அது மறுபடி வந்தபோது கருணாநிதி துணையாசிரியராக ஈரோட்டில் இருந்தார். 1949 செப்டம்பரில் தி.மு.க. பிரிந்தது, அந்த ஆண்டு இறுதிக்குள் ‘குடி அரசு’ நின்றது. தமிழ்நாட்டை ஆண்ட இரண்டு முதல்வர்கள் அந்த ஊர் அச்சகத்தின் மேசையில் உட்கார்ந்து புரூஃப் பார்த்திருக்கிறார்கள் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான்.

2008-இல் பெரியார் திராவிடர் கழகம் 1925 முதல் 1938 வரையிலான பெரியார் எழுத்துகளை வெளியிட முன்வந்தபோது பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிப்புரிமை கோரி சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிபதி சந்துரு தடை கொடுக்க மறுத்தார், மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2010-இல் 27 தொகுதிகள் வெளிவந்தன. அதைச் செய்து முடித்த தோழர்களின் உழைப்புக்கு நான் கடன்பட்டவன். இந்தக் கட்டுரையும் அந்தத் தொகுதிகளைப் படித்ததன் விளைவுதான். ஆனால் அந்த வழக்கில் இரண்டு தரப்பும் பேசியது பெரியாரின் எழுத்து யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி. பத்திரிகை யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. தொகுதியில் வேறொருவர் கட்டுரைக்கு இடமில்லை, ஊர்க் கடிதத்துக்கு இடமில்லை, விளம்பரத்துக்கு இடமில்லை, அந்தப் பொடி எழுத்து வரிக்கும் இடமில்லை. பெரியார் யாரோடு வாக்குவாதம் செய்கிறார் என்பதே சில கட்டுரைகளில் புரியாமல் போகிறது, எதிர்த்து எழுதியவரின் கடிதம் முந்தைய வார இதழில் இருக்கும் என்பதால். எதிர்க்கட்சியினர் ஒரு வரியைப் பிய்த்தெடுத்துக் காட்டுகிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். இதழிலிருந்து கட்டுரையை முதலில் பிய்த்தெடுத்தவர்கள் நாம்தான்.

ஆகவே என் கோரிக்கை இது. ‘குடி அரசு’ முழு இதழ்களையும் பக்கம் பக்கமாக, இருந்தது இருந்தபடி, படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். தலைப்பு, விலை, விளம்பரம், திருமணச் செய்தி, பிழைதிருத்தம், கடைசி வரி எல்லாம் சேர்த்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது என்றால் 1933 நவம்பரிலிருந்து 1935 ஜனவரி வரை வந்ததை முதலில் செய்யலாம். ‘புரட்சி’யும் ‘பகுத்தறிவு’ம் அதில் சேரும். அந்த இதழ்களின் கடைசிப் பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே எந்த வாரம் யார் பெயர் போய் யார் பெயர் வந்தது என்று தெரிந்துவிடும். ஈரோட்டில் யார் எந்த வாரத்திலிருந்து சிறைக்குத் தயாராக இருந்தார்கள் என்பதன் பட்டியல் அது. அந்தப் பட்டியலை யாரும் இன்னும் முழுதாக எழுதவில்லை என்றால் எழுதுவதற்கு நான் தயார். இதழ்கள் வேண்டும்.